ஊசி பச்சைக்குள் நின்றது

2009 பிப்ரவரியில் ஒரு பெரியவரிடம் பொய் சொன்னேன். அவருடைய கித்தார் ஆம்ப்பில் இருந்த நான்கு பவர் வால்வுகளும் செத்துப்போய்விட்டன என்றேன். அதற்கு முந்தின இரவுதான் நான்கையும் ஒவ்வொன்றாக டெஸ்டரில் செருகிப் பார்த்திருந்தேன். நான்குக்கும் ஊசி பச்சைக்குள்தான் நின்றது.

அந்தப் பொய்யால் அவருக்கு நஷ்டமானது பொருள். ஒரு வாரம் கழித்து, என் கடையில், அதே மனிதரிடம் இன்னொரு வாக்கியம் சொன்னேன். அதனால் அவருக்கு என்ன நஷ்டமானது என்று எனக்குத் தெரிய ஏழு வருஷம் பிடித்தது. தெரிந்த பிறகும் வாய் திறக்க இன்னும் எட்டு வருஷம் எடுத்துக்கொண்டேன்.

என் கடை பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது. கோயில் மைக்செட், கல்யாண மண்டப மிக்ஸர், சர்ச் ஸ்பீக்கர், பிள்ளைகளின் கீபோர்டு எல்லாம் வரும். தைப்பூசத்துக்கு முந்தின இரண்டு வாரம் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. சாமான் வாங்க புடு பக்கம் ஜாலான் பாசாருக்குப் போவேன். எலெக்ட்ரானிக்ஸ் வேலை செய்கிற எல்லோருக்கும் அந்தத் தெரு தெரியும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வால்வு ரேடியோ காலத்து மனிதர். "ஹைவோல்ட் சேசியில கை வைக்கிறப்ப இன்னொரு கைய பாக்கெட்டுல போட்டுக்கோ" என்பார். உயிர் பிழைக்கும் வழியைக் கற்றுக்கொடுத்தார். நாணயத்தையும் கற்றுக்கொடுத்தார். முதலாவதை மட்டும் நான் கடைப்பிடித்தேன்.

அந்த வருஷம் தைப்பூசம் முடிந்த வாரம் அந்தப் பெரியவர் வந்தார். நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். அப்போது அவருக்கு வயது 66. ரயில்வேயில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்ததெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் நூறு குவாட்டர்ஸில். அப்போது ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பெயர் பிரிக்பீல்ட்ஸ் ரோடு. பிறகு கிள்ளானில் வீடு வாங்கிப் போய்விட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கம்யூட்டர் ரயில் ஏறி இங்கே வருவார். பழைய ரயில்வே கூட்டாளிகள் நான்கு பேர் ஒரு வீட்டு வாசல் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து வாசிப்பார்கள். ஆம்ப் அந்த வீட்டிலேயே இருக்கும். 32 கிலோ. அதை யாரும் ரயிலில் தூக்கிக்கொண்டு வர முடியாது. அன்றைக்கு நண்பர் ஒருவருடைய காடியில் போட்டு, இரண்டு பேராக மாடிக்குத் தூக்கி வந்தார்கள்.

வோக்ஸ் ஏசி 30. செம்பு நிறப் பேனல், கோழி மூக்கு மாதிரி நீண்ட கறுப்புக் குமிழ்கள், முன்னால் வைர வைரமாகக் கோடு ஓடும் பழுப்புத் துணி. 1966இல் ஊர் திரும்பிய ஓர் ஆங்கிலேயப் படை வீரரிடமிருந்து செகண்ட்ஹேண்டாக 400 வெள்ளிக்கு வாங்கினாராம். கிளார்க் சம்பளத்தில் அது எத்தனை மாதப் பணம் என்று நான் கேட்கவில்லை. கடனை அடைக்க இரண்டு தீபாவளி ஆனது என்று அவராகவே சொன்னார்.

அந்தக் காலத்தை நான் பார்த்ததில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போனதிலிருந்து மலாயாவில் கித்தார் காய்ச்சல் பிடித்தது. தெருவுக்குத் தெரு மூன்று கித்தார், ஒரு டிரம்ஸ். மலாய்க்காரப் பிள்ளைகள் அந்தக் குழுக்களை 'கூகிரான்' என்றார்கள். அந்தப் பாட்டுகளுக்குப் 'பாப் யே யே' என்று பெயர் வந்தது. நம் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. பினாங்கு ஆறுமுகம் சகோதரர்கள் டேவிட்டும் லோகநாதனும் 'ஆலிகேட்ஸ்' குழுவாக நாடு முழுக்கத் தெரிந்தது பிறகு நடந்தது. அவர்கள் அளவுக்குப் பெயர் வராமல், சனிக்கிழமை கல்யாணத்தில் வாசித்துவிட்டுத் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போன நூற்றுக்கணக்கான பேரில் அங்கிளும் ஒருவர்.

அந்த ஆம்ப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைப் புரிந்துகொண்டால்தான் நான் எதைக் கெடுத்தேன் என்பது புரியும்.

இங்கிலாந்தில் டார்ட்ஃபோர்டு என்ற ஊரில் டாம் ஜென்னிங்ஸ் நடத்திய கம்பெனியில், டிக் டென்னி வடிவமைத்தது இது. 1958இல் ஏசி 15 வந்தது. கூச்சலிடும் கூட்டத்துக்கு முன்னால் அந்தச் சத்தம் போதவில்லை என்று ஷேடோஸ் குழு கேட்க, அடுத்த வருஷமே இரட்டைப் பலத்தோடு ஏசி 30 வந்தது. அமெரிக்காவில் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் செய்த ஆம்ப்களுக்கு வேறு குரல். லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் ஃபெண்டர் பேஸ்மேனைப் பார்த்துச் செய்ததற்கு இன்னொரு குரல். ஏசி 30இன் குரல் மணி போலக் கணீரென்று தொடங்கி, அழுத்தி மீட்டினால் தேன் போல இழுபடும். பீட்டில்ஸும் அதில் வாசித்தார்கள். குயீன் குழுவின் பிரையன் மே வாழ்நாள் முழுக்க அதை விடவில்லை.

அந்த இழுபடல் எங்கிருந்து வருகிறது? வால்வு என்பது காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய். உள்ளே கேதோடு சூடேறிச் சிவக்கும். அதிலிருந்து எலெக்ட்ரான்கள் பிளேட்டை நோக்கி ஓடும். நடுவில் வலை மாதிரி மெல்லிய கம்பிச் சுருள். கித்தாரிலிருந்து வரும் துளி மின்னழுத்தம் அந்த வலையில்தான் ஏறி, பெரிய ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். தாங்குவதற்கு மேல் கொடுத்தால் டிரான்சிஸ்டர் அலையின் தலையைக் கத்தியால் வெட்டியது போல வெட்டிவிடும். வால்வு அதை உருட்டும். ஆற்றுக் கல்லின் முனை மழுங்குவது போல அலையின் முனை மழுங்கும். காது அதை இரைச்சலாக எடுத்துக்கொள்ளாமல் குரலில் ஏறிய கனமாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான ஆம்ப்களில் வெளியே போகும் ஒலியில் கொஞ்சத்தை உள்ளே திருப்பி அனுப்பிப் பிழையைத் திருத்துவார்கள். ஏசி 30இன் பவர் பகுதியில் அந்தத் திருத்தம் கிடையாது. நான்கு ஈஎல் 84 வால்வுகளும் கடைசி மூச்சு வரை உழைக்கும், அடுப்பு போலச் சூடாகும்.

அடுத்தது மின்சாரம். சுவரிலிருந்து வருவதை நேர் மின்சாரமாக்க அதில் ஜிஇசட் 34 என்ற ஒரு வால்வு இருக்கிறது. அதற்குப் பின்னால் சின்னக் கெப்பாசிட்டர்கள். கம்பியை ஓங்கி மீட்டிய அந்தக் கணத்தில் நான்கு வால்வுகளும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கின்றன. வோல்ட் ஒரு நொடி தொய்கிறது. பிறகு மெல்ல எழுகிறது. ஸ்வரம் முதலில் அமுங்கி, அப்புறம் மலர்கிறது. விரலுக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் ஒரு பேச்சு நடக்கிறது. மெல்லத் தொட்டால் ஒரு பதில், அறைந்தால் வேறு பதில்.

அந்தத் தொய்வை நான் பழுது என்று நினைத்தேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மைக்செட். கோயில் ஸ்பீக்கருக்கு மின்சாரம் தொய்யவே கூடாது. உள்ளே என்ன போகிறதோ அதுதான் வெளியே வர வேண்டும். கித்தார் ஆம்ப் அப்படி இல்லை. கித்தார் பாதி, ஆம்ப் பாதி, இரண்டும் சேர்ந்துதான் ஒரு வாத்தியம். நாதஸ்வரக்காரருக்குச் சீவாளி என்ன என்று எனக்குத் தெரியும். எச்சிலில் ஊறவைத்து, பதம் பார்த்து, வாய்க்குப் பழக்கிய சீவாளியை இன்னொருவர் தொட விடமாட்டார்கள். அங்கிளுடைய சீவாளியை நான் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கடையில் வாங்கிய புதியதைச் செருகினேன்.

அவர் சொன்ன குறை சின்னது. "சூடாறதுக்குள்ள ங்ங்னு இரையுது தம்பி. அப்பப்ப பட்பட்னு வெடிக்குது. அத மட்டும் பாருங்க."

பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே பல்லி முட்டை ஓடு இரண்டு, நாற்பது வருஷத் தூசி, சூட்டில் காய்ந்த பலகை வாசனை. சேசியின் உட்பக்கம் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: "பில்டர் கெப்பாசிட்டர் மாற்றியது 3-8-74". எனக்கு முன்னால் அதைத் தொட்ட ஒருவர் தான் செய்ததை ஒளிக்காமல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பழுது தெளிவாகத் தெரிந்தது. அவர் மாற்றிய கெப்பாசிட்டர்களும் நம் ஊர்ப் புழுக்கத்தில் காய்ந்து போயிருந்தன. அதனால்தான் இரைச்சல். சாக்கெட்டுகளில் களிம்பு பிடித்திருந்தது. அதனால்தான் வெடிப்பு. அதே அளவு கெப்பாசிட்டர் போட்டு, சாக்கெட்டைச் சுத்தம் செய்து, எழுதி வைத்துவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். அரை நாள் வேலை.

வால்வுகளைத் துடைத்தபோது கண்ணாடியின் அடியில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன எழுத்து தெரிந்தது. இரண்டாவது வரி 'பி' என்று தொடங்கியது. பிளாக்பர்ன் ஊரில் முல்லார்ட் ஆலையில் செய்தது என்று அர்த்தம். அந்த ஆலையில் வால்வு செய்வதை நிறுத்திப் பல காலமாகிவிட்டது. இப்போது ரஷ்யாவிலும் சீனாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் செய்கிறார்கள். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பிலிப்ஸோடு சேர்ந்து அறுபதுகளில் செய்யத் தொடங்கிய வால்வுகளைக்கூட இன்று தேடி வாங்குகிறவர்கள் உண்டு. பழைய முல்லார்டுக்கு என்ன விலை கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வாரக் கடைசியில் போடும் பழைய சாமான் சந்தையில் ஹைஃபை பைத்தியங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

கடை வாடகை இரண்டு மாதம் பாக்கி நின்றது. அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். பாக்கி இல்லாவிட்டாலும் எடுத்திருப்பேன். அவருக்குத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை என்பது ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான்கு ஈஎல் 84ஐயும் எடுத்துப் பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்து மூடினேன். புதிய சீன வால்வு நான்கு போட்டேன். ஜிஇசட் 34ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருபது காசு டயோடுகளைப் பற்றவைத்தேன். மின்னழுத்தம் இருபது வோல்ட்டுக்கு மேல் கூடியது. நல்லதுதானே என்று நினைத்தேன். கெப்பாசிட்டர் பழைய அளவைவிடப் பல மடங்கு பெரியதாகப் போட்டேன். இரைச்சல் சுத்தமாக நின்றது. சேசியில் நான் எதுவும் எழுதவில்லை.

வால்வெல்லாம் செத்துவிட்டது என்று போனில் சொன்னபோது, "நாற்பது வருஷம் உழைச்சிருச்சு, பாவம்" என்றார்.

எடுத்துப்போக வந்த அன்று கூடவே கித்தாரையும் கொண்டுவந்தார். பழைய ஹாஃப்னர். ஸ்டூலில் உட்கார்ந்து, ஆம்ப்பைப் போட்டு, சூடாகும் வரை கையைத் தொடைமேல் வைத்துக் காத்திருந்தார். ஷேடோஸ் பாணியில் ஒரு மெட்டு. நான்கு வரி வாசித்தார், நிறுத்தினார். டிரெபிளைக் கொஞ்சம் திருப்பினார். மறுபடி அதே நான்கு வரி. வலது கையைத் திருப்பி விரல் நுனிகளைப் பார்த்தார். கித்தாரின் வால்யூமைக் குறைத்து, கூட்டி, கடைசி ஸ்வரத்தை மட்டும் தனியாக மீட்டி, அது அடங்கும் வரை தலை சாய்த்துக் கேட்டார். அப்படி ஆறேழு தடவை.

"அந்த இழுப்பு வரலியே தம்பி."

நான் பதில் சொல்லவில்லை. அவர் இடது காதை உள்ளங்கையால் மூடித் திறந்தார். பிறகு வலது காதை.

"எனக்குத்தான் காது போச்சு போல. அறுபத்தாறாச்சு இல்ல."

அப்போதுதான் அதைச் சொன்னேன். "ஆமா அங்கிள். வயசானா மொதல்ல மேல் ஸ்வரந்தான் கேக்காமப் போகும். எல்லாருக்கும் வர்றதுதான்."

வயதானால் காதில் முதலில் குறைவது உயர்ந்த ஒலிதான், அது உண்மை. அந்த உண்மையை எடுத்து என் திருட்டை மூடினேன். தொழில் தெரிந்தவன் சொல்கிறான் என்று அவர் நம்பினார். சட்டைப் பையிலிருந்து 450 வெள்ளியை எண்ணிக் கொடுத்து, "சுத்தமா இருக்குப்பா, இரைச்சலே இல்ல" என்று பாராட்டிவிட்டும் போனார்.

மறு வாரமே ஜிஇசட் 34ஐ 300 வெள்ளிக்கு விற்றேன். ஈஎல் 84 நான்கையும் விற்க வாங்குகிறவர் இருந்தார், ஆனாலும் விற்கவில்லை. மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். விலை ஏறட்டும் என்றுதான் வைத்திருந்தேன்.

2016இல் கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்கு மைக்செட் போட்டேன். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்த அம்மா என் கடைப் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "எங்கப்பா ஆம்ப் செஞ்சீங்களே!" என்றார். அப்பா எப்படி இருக்கிறார் என்றேன். நன்றாக இருக்கிறார், ஆனால் வாசிப்பதில்லை என்றார். நான் ரிப்பேர் செய்து கொடுத்த பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனாராம். காது சரியில்லாதவன் மற்றவர்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாராம். ஆம்ப்பைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்து ஸ்டோரில் வைத்து மேலே பேப்பர் அடுக்கியிருக்கிறார்களாம். "அப்பாவுக்கு இப்ப பேப்பர்தான் எல்லாம். தமிழ் நேசன ஒரு எழுத்து விடாமப் படிப்பார்."

இலையில் பாயசம் ஊற்றினார்கள். குடித்தேன். ஸ்பீக்கரைக் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வந்துவிட்டேன்.

போன வருஷம் ஓர் இளைஞன் தன் தாத்தாவுடைய ஏசி 30ஐக் கொண்டுவந்தான். எதையும் மாற்றாத பெட்டி. அதற்குச் செய்ய வேண்டியதை மட்டும் செய்து கொடுத்தேன். சோதித்துப் பார்க்க அவன் ஓங்கி ஒரு கார்டு மீட்டினான். ஒலி அமுங்கி எழுந்தது. அதைத்தான் 'இழுப்பு' என்றார் அங்கிள். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றேன். அந்தச் சத்தத்தை அதுவரை என் வாழ்க்கையில் சரியாகக் கேட்டதே இல்லை. என்னவென்று தெரியாத ஒன்றை ஒரு மனிதரிடமிருந்து எடுத்துவிட்டு, அது அங்கே இருந்ததே இல்லை என்று அவரையே நம்பவைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் கிள்ளானுக்குப் போனேன். "சர்வீஸ் பண்ணித் தரேன், காசு வேண்டாம்" என்று மகளிடம் சொல்லி ஆம்ப்பை எடுத்துவந்தேன். டயோடுகளை அறுத்தெறிந்தேன். கெப்பாசிட்டரைப் பழைய அளவுக்கு இறக்கினேன். ஒரு பழைய முல்லார்ட் ஜிஇசட் 34ஐ 700 வெள்ளி கொடுத்து வாங்கிப் போட்டேன். பிஸ்கட் டின்னைத் திறந்து நான்கு ஈஎல் 84ஐயும் அவற்றின் இடத்தில் செருகினேன். 3-8-74க்குக் கீழே 2009இல் எடுத்தது என்ன, இந்த வருஷம் வைத்தது என்ன என்று பென்சிலில் எழுதினேன்.

அங்கிளுக்கு இப்போது 82. காது நிஜமாகவே போய்விட்டது. பக்கத்தில் போய்க் கத்தினால் பாதி புரிகிறது. காது மிஷின் இரைகிறது என்று மேசை டிராயரில் போட்டுவிட்டார். ஐந்தடியில் ஆம்ப்பை வைத்து, ஹாஃப்னரைத் துடைத்துக் கையில் கொடுத்தேன். விரல் முதலில் தடுமாறியது. பிறகு அந்த நான்கு வரி வந்தது.

சமையல்கட்டிலிருந்து மகள் கரண்டியோடு வாசலுக்கு வந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. "அப்பா, இது பழைய சத்தம்" என்றார். அங்கிளுக்குக் கேட்கவில்லை. மகள் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நல்லாருக்கா தம்பி? எனக்குத் தெரியல" என்றார்.

மகள் அடுப்பை அணைக்க உள்ளே போனார். அந்த இரண்டு நிமிஷத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெல்லிய குரலில் சொன்னேன். அக்கம்பக்கம் கேட்கும், மகளுக்குக் கேட்கும் என்ற பயம். அவருக்குக் கேட்காது என்று தெரிந்துதான் அந்தக் குரலில் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் தலையாட்டி, சட்டைப் பையில் கை விட்டு, "எவ்வளவு ஆச்சு?" என்றார்.

அது ஒப்புக்கொண்டதாக ஆகாது. அதனால்தான் எழுதுகிறேன். தமிழ் நேசன் 2019இல் நின்றுபோன பிறகும் அவர் படிப்பதை நிறுத்தவில்லை. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு கையில் கிடைக்கிற தமிழ் எழுத்தையெல்லாம் படிக்கிறார். இதையும் படிப்பார். ஐந்தடியில் உட்கார்ந்து ஒரு பக்கம் படிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

அங்கிள், உங்கள் ஆம்ப்பில் இப்போது இருக்கும் நான்கு பவர் வால்வும் உங்களுடையவைதான். அவை சாகவில்லை. ஜிஇசட் 34 மட்டும் உங்களுடையது இல்லை. உங்களுடையதை விற்றுவிட்டேன், யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. நீங்கள் கொடுத்த 450 வெள்ளியும் அதை விற்ற 300 வெள்ளியும் ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை கம்யூட்டரில் வருகிறேன். கதவைத் திறக்க விருப்பமில்லை என்றால் கேட்டருகே வைத்துவிட்டுப் போகிறேன்.

2009 பிப்ரவரியில் உங்கள் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் கேட்டது சரி.